40,000 ரூபாயில் முதல் கணினி: தோட்டத்து வீட்டு மின்சாரத்தை எந்தப் பாகங்கள் தாங்கும்?

தோட்டத்துவீடு, மாரண்டஅள்ளி

அனைவருக்கும் வணக்கம். சிவில் டிப்ளமோ முடித்த நான், தருமபுரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பொறியாளருக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுத்து வருகிறேன். இதுவரை அண்ணன் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியில்தான் வேலை நடந்தது. அதில் 4 ஜிபி ராம் மட்டுமே உள்ளது. தரைத்தள வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு கோப்பைத் திறந்தால், அம்புக்குறி நகர்வதற்கே அரை நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த மடிக்கணினியில் ஏறாது. ஆகவே மேசைக் கணினி ஒன்றுக்கான பாகங்களை வாங்கி நானே பொருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

கையிருப்பு 40,000 ரூபாய். அதில் 25,000 அப்பா தக்காளி விற்ற பணத்திலிருந்து கொடுத்தது. மீதி என் வரைபடக் கூலியில் சேர்த்தது. விசைப்பலகையும் மவுஸும் இருக்கின்றன. பொறியாளர் தம் அலுவலகத்தில் கழித்த 19 அங்குல மானிட்டரைக் கொடுத்துவிட்டார். அதில் விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ளது. விண்டோஸ், ஆட்டோகேட் உரிமங்களையும் அவரே தந்துவிடுவார். என் வேலையில் பத்தில் எட்டுப் பங்கு ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம். முகப்புத் தோற்றம் கேட்டால் ஸ்கெட்ச்அப். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி, தேர்வு முடிந்த பிறகு தான் விளையாடவும் புதுக் கணினி உதவ வேண்டும் என்கிறான். அதற்கு இரண்டாம் இடம்தான்.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தபோது, "கோர் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள கேபினட், எல்லாம் சேர்த்து 19,000" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள் (எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி). பாதிப் பணத்திலேயே ஐ7 கிடைக்கிறது என்றால் வாங்கிவிடலாமா, அல்லது நான் கவனிக்காத ஏதேனும் இதில் இருக்கிறதா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. மாலையில் சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் மின்விசிறி தளர்ந்து சுற்றும். குழல்விளக்கு எரியத் தயங்கும். மடிக்கணினிக்கு பேட்டரி இருந்ததால் அது தெரியவில்லை. மேசைக் கணினிக்கு என்ன ஆகும்?

ஓசூர் வரைவாளர், ஓசூர்

வணக்கம் சகோதரி. அந்தச் சீட்டில் ஐ7 என்பதற்குப் பக்கத்தில் எண் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த விலைக்குக் கிடைக்கும் ஐ7 பெரும்பாலும் 3770 போன்ற மூன்றாம் தலைமுறை ப்ராசஸராகவே இருக்கும். அது 2012-இல் வெளிவந்தது. கழித்துவிட்ட அலுவலகக் கணினிகளிலிருந்து எடுத்த ப்ராசஸரை, எச்61 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட, பெயர் கேள்விப்படாத புது மதர்போர்டில் பொருத்தி, டிடிஆர்3 என்னும் பழைய வகை ராம் சேர்த்து விற்கிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் எது பெரியது, எது சிறியது என்று காட்டும் படிகள் மட்டுமே. 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3 12100-க்கும் நான்கு கோர்கள் (ப்ராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). பத்தாண்டு மூத்த அந்த ஐ7-க்கும் அதே எண்ணிக்கைதான். ஆனால் ஒவ்வொரு கோரும் ஒரு நொடியில் செய்து முடிக்கும் வேலையில் அந்தப் பத்தாண்டும் அப்படியே தெரியும். மேலும், விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை; டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கேட்கும். எந்தக் காரணத்தால் மடிக்கணினியைக் கைவிடுகிறீர்களோ, அதே காரணத்தை 19,000 கொடுத்து மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்தது போலாகும்.

ஆட்டோகேட் இருபரிமாண வேலையில் பெரும்பாலும் ஒரே ஒரு கோரைத்தான் நம்பி ஓடும். ஸ்கெட்ச்அப்பும் ஏறத்தாழ அப்படித்தான். எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே உங்களுக்கு முக்கியம். அதில் 12100 தன் விலைக்கு மேலாகவே உழைக்கும். அதனுடன் எச்610 சிப்செட் கொண்ட டிடிஆர்4 மதர்போர்டு ஒன்றைப் பாருங்கள். அந்த வகையில் விஜிஏ துளையுள்ள போர்டுகள் பல இருப்பதால் உங்கள் மானிட்டருக்குத் தனி மாற்றி வாங்க வேண்டியதில்லை. வாங்கும்போது பெட்டியின் மேல் "12100எஃப்" என்று இருந்தால் எடுத்துவிடாதீர்கள். அந்த எஃப் எழுத்து, உள்ளே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இல்லை என்பதைக் குறிக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி, எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பிறகு திரையில் ஒன்றும் வராமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

பழுதுபார்ப்பவன், கிருஷ்ணகிரி

ஓசூர் நண்பர் ப்ராசஸரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சகோதரி கடைசியாக எழுதிய நான்கு வரிகளிலிருந்துதான் நான் தொடங்குவேன். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் கிராமத்துப் பிள்ளைகள் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவரும் கணினிகளில் ப்ராசஸர் செத்துப்போனதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், போகும்போது மதர்போர்டையும் சில நேரங்களில் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கும். ஆறு மாதம் முன்னர் கடன் வாங்கிக் கட்டிய கணினியை என் மேசையில் வைத்துவிட்டு, சரியாகிவிடுமா என்று கேட்கும் முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேபினட்டுடன் சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பதெல்லாம் அந்த 12 வோல்ட் வழியில்தான். மீதி வாட்கள் இன்றைய கணினிக்கு அவ்வளவாகத் தேவைப்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளில் கூட்டிக் காட்டியவை. அடுத்து, உள்வரும் மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 200 முதல் 240 வரை என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் தோட்டத்து மாலை நேரத்துக்கு அது ஆகாது. 100 முதல் 240 வரை என்று எழுதிய, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்தான் 170 வோல்ட்டிலும் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, கணினிக்குத் தர வேண்டியதைக் குறையாமல் தரும்.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதை வாங்குங்கள். ஆனால் அந்த முத்திரை எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், சுவரிலிருந்து இழுத்த மின்சாரத்தில் 85 விழுக்காடாவது வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதுதான் அதன் பொருள். அது சிக்கனத்துக்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. கூடுதல் மின்னழுத்தம், கூடுதல் மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உள்ளனவா என்பதைப் பெட்டியில் தனியே தேட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. கணினி வைக்கப்போகும் மூன்று துளை பிளக் பாயின்டில் வயர்மேன் ஒருவரை வைத்து மல்டிமீட்டரால் மூன்று அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. காலையில் ஒருமுறை, மோட்டார்கள் ஓடும் இரவு ஏழு மணிக்கு ஒருமுறை. நீங்களே கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டாம். அந்த எண்கள் வரும்வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

தோட்டத்துவீடு, மாரண்டஅள்ளி

ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்துவிட்டோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காலையில் 226, இரவு ஏழு மணிக்கு 171. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 38 வோல்ட் காட்டியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எடுத்த அளவு ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. வயர்மேன் பிளக் பாயின்டைத் திறந்து பார்த்தபோது, எர்த் துளைக்கு வயரே வந்து சேரவில்லை. வீடு கட்டிய காலத்தில் சுவிட்ச் போர்டு வரை இழுத்துவிட்டு அங்கேயே சுருட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே புதைத்திருந்த கம்பியும் மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்துக் கிடந்தது. வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்துவதை ஈரக்கையால் வருவது என்றே அம்மா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

வயர்மேன், "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் மீட்டரில் பூச்சியம் காட்டும், செலவு மிச்சம்" என்றார். அப்பா தயங்கியதால் உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பழுதுபார்ப்பவன், கிருஷ்ணகிரி

தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால் கேபினட்டின் இரும்பு உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். தொடுபவர் உயிருக்கே ஆபத்து. உங்கள் அப்பா தயங்கியது மிகவும் சரி.

அந்தச் சுருக்கென்ற குத்தலுக்கும் காரணம் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் போன்ற கருவிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். அந்த நிலையில் மானிட்டர் வயரையோ யுஎஸ்பி வயரையோ செருகும்போது மிதக்கும் மின்சாரம் அந்த வயர் வழியாகவே இறங்கும். போர்ட்டுகள் அப்படித்தான் சாகின்றன.

புது எர்த் குழி போடுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், கரி, உப்பு என்ற பழைய முறையே வீட்டுக்குப் போதும். நம் பக்கத்து மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும் என்பதால், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் நீர் போகும் இடம் நல்லது. கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஏனெனில் மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும்.

பர்கூர் மாணவன், பர்கூர்

அக்காவுக்கு வணக்கம். எர்த் பற்றி ஐயா சொன்னதை எங்கள் விடுதியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ப்ராசஸர் விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்கிறேன். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி 2021-இல் வெளிவந்தது. ஆறு கோர்கள், பன்னிரண்டு த்ரெட்கள். அதன் உள்ளேயே இருக்கும் வேகா 7 கிராபிக்ஸ், 12100-இன் உள்ளே இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸைவிட மிகவும் வலுவானது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமில்லாத நிலையில், ஸ்கெட்ச்அப்பில் மாடலைச் சுழற்றிப் பார்ப்பதற்கும் தம்பியின் விளையாட்டுக்கும் அதுவே ஏற்றது. ஒரு நிபந்தனை உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4 3200 ராம் ஒன்று மட்டும் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி தரவுதான் போய்வர முடியும். இரண்டு போட்டால் 51.2 ஜிபி. எனவே ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபியே சரி.

போர்டு வாங்கும்போது பழைய இருப்பான பி450 சிப்செட் போர்டைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5000 வரிசை ப்ராசஸரை அது அடையாளம் காண பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்திருக்க வேண்டும்.

ஓசூர் வரைவாளர், ஓசூர்

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. விளையாட்டு முதலிடத்தில் இருந்தால் நானும் 5600ஜி-யையே சொல்வேன். ஆனால் சகோதரிக்குக் கூலி வருவது ஆட்டோகேடிலிருந்து. ஒற்றைக் கோர் வேகத்தில் 12100 முந்துகிறது என்பதோடு, பின்னாளில் கார்டு சேர்க்கும்போது இன்னொரு வேறுபாடும் வெளிப்படும். 5600ஜி, பிசிஐஇ (கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் வழி) மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. மலிவு விலைக் கார்டுகளில் சில, எடுத்துக்காட்டாக 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, நான்கே நான்கு தடங்களில் வேலை செய்பவை. நான்காம் தலைமுறையில் அந்த நான்கு தடங்கள் போதும். மூன்றாம் தலைமுறையில் பாதி அகலமாகிவிடுவதால் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடுமாறும். 12100-உம் எச்610-உம் நான்காம் தலைமுறையைத் தருகின்றன. 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களும் அதே சாக்கெட்டில் அமரும். பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ராம் இப்போது தனிக் கவலையாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் இறுதியிலிருந்து விலை பாய்ச்சலாக ஏறிவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான க்ரூஷியல் ராம் விற்பனையையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எச்610 போர்டில் ராம் துளைகள் இரண்டுதான். இப்போது இரண்டு 8 ஜிபி வாங்கிவிட்டால், நாளை 32 வேண்டும் என்னும்போது இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்க நேரும். ஒற்றை 16 ஜிபி போட்டுவிட்டு, விலை இறங்கும்போது அதே போன்ற இன்னொன்றைச் சேர்ப்பதே என் ஆலோசனை. இருபரிமாண வரைபடத்தில் ஒற்றை ராமின் வேகக் குறை தெரியாது.

பர்கூர் மாணவன், பர்கூர்

கார்டு தடங்கள் பற்றிய செய்தி எனக்குப் புதிது, நன்றி அண்ணா. ராம் விஷயத்தில் நான் இன்னும் உடன்படவில்லை. கார்டு வரும்வரை ஓராண்டு ஆகலாம்; அந்த ஓராண்டும் முகப்புத் தோற்றம் சுழலும்போதெல்லாம் அக்காதான் காத்திருக்க வேண்டும்.

அரூர் ஆசிரியர், அரூர்

புதுப் பாகங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பள்ளி மாணவர் ஒருவருக்கு நான் வேறு வழி காட்டினேன். பெரிய நிறுவனங்கள் கழித்த அலுவலகக் கணினிகளில் கோர் ஐ5 8500 உள்ளவை கிடைக்கின்றன. ஆறு கோர்கள், எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-உம் ஏறும். 40,000-இல் பாதியிலேயே வேலை முடிந்துவிடும். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

பழுதுபார்ப்பவன், கிருஷ்ணகிரி

ஐயா சொல்வது படிப்புக்கும் தட்டச்சுக்கும் நல்ல வழி. நானும் பலருக்கு வாங்கித் தந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணினிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில், தனி இணைப்புகளோடு இருக்கும். நகரத்து அலுவலகத்தில் எட்டு ஆண்டு உழைத்த எஸ்எம்பிஎஸ் 171 வோல்ட்டில் ஒரு மாலை நின்றுவிட்டால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் பொருத்த முடியாது. அதே வகையைத் தேடிப்பிடிக்கும்வரை சகோதரியின் கூலி நின்றுவிடும். மின்சாரம் நன்றாக உள்ள வீட்டுக்கு அரூர் ஐயாவின் வழியை நான் மறுக்கமாட்டேன்.

யுபிஎஸ் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். உள்ளே வரும் மின்னழுத்தம் குறையும்போதெல்லாம் பேட்டரிக்குத் தாவும் யுபிஎஸ் உங்களுக்குப் பயன்படாது. தினமும் மாலையில் பேட்டரி கரைந்து ஓராண்டிலேயே உப்பிவிடும். குறைந்த மின்னழுத்தத்தைத் தானே உயர்த்திக் கொடுக்கும் ஏவிஆர் உள்ளதாக, 140 முதல் 300 வோல்ட் வரை ஏற்கும் என்று எழுதியதாகப் பாருங்கள். 600 விஏ என்பது 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட். 12100-க்கு இன்டெல் குறித்த அடிப்படை அளவு 60 வாட், உச்சம் 89 வாட். மானிட்டரோடு சேர்த்தும் உங்கள் கணினி 150 வாட்டைத் தாண்டாது என்பதால் 600 விஏ தாராளம்.

மின்சாரம் போகும் நொடிக்கும் பேட்டரி பிடிக்கும் நொடிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதைக் கடத்துவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் (எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதி) வரையறையின் பழைய பதிப்புகள் சொன்னன; நம் மின்சாரத்தின் ஓர் அலையே 20 மில்லி விநாடி. சுமை குறைந்தால் கெப்பாசிட்டர் மெதுவாகக் காலியாகும், தாங்கும் நேரம் நீளும். 150 வாட் கணினிக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். அந்த மூச்சுக்காகத்தான் என்று சொல்லுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் நேராகச் செருகினால் பல நேரங்களில் கணினி அணைந்து எழுவதற்குக் காரணம், சாதாரண நிலையில் அது தாவும் வேகம் இதைவிட மெதுவாக இருப்பதே.

ஓசூர் வரைவாளர், ஓசூர்

எங்கே வாங்குவது என்று சகோதரி கேட்கவில்லை. ஆனாலும் கேட்பார் என்று நினைக்கிறேன். கணினிப் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி சாலை நமக்கு அருகில். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரயில் இல்லாததால் பேருந்துதான். உங்களுக்கு மாரண்டஅள்ளியிலேயே நிலையம் இருப்பது வசதி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். விலை கேட்கும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேளுங்கள். பில் இல்லாத விலை வேண்டாம். ப்ராசஸர் மூடிய பெட்டியில் இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று ஆண்டு உத்தரவாதமும் கூலரும் கிடைக்கும். பெட்டியில்லாமல் தனியாகத் தருவதற்கு அந்தக் கடைக்காரரின் வாய்மொழியே உத்தரவாதம்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் மட்டும் தருமபுரியிலேயே வாங்குங்கள். கெட்டால் முதலில் கெடுபவை அவை. கெட்ட அன்றே தூக்கிக்கொண்டு போகும் தூரத்தில் கடை இருக்க வேண்டும்.

தோட்டத்துவீடு, மாரண்டஅள்ளி

இரண்டு வாரங்கள் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எர்த் குழி முதலில் முடிந்தது. வீட்டின் பின்புறம் நான்கடியிலேயே பாறை வந்துவிட்டதால், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே மறுபடி தோண்டினார்கள். வயர், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ஆனது. அதை அப்பா இந்த 40,000-இல் சேர்க்க வேண்டாம் என்று தனியே கொடுத்துவிட்டார். இப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.8 வோல்ட். வாஷிங் மெஷின் குத்துவதும் நின்றுவிட்டது.

அப்பாவும் நானும் ஒரு வியாழக்கிழமை பெங்களூரு போய் கோர் ஐ3 12100, விஜிஏ துளையுள்ள எச்610 போர்டு, ஒற்றை 16 ஜிபி டிடிஆர்4 3200 ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஆகியவற்றை வாங்கினோம். முதல் மூன்று கடைகளில் 12100எஃப்-ஐத்தான் எடுத்து நீட்டினார்கள். ஓசூர் அண்ணா எச்சரித்திருக்காவிட்டால் வாங்கியிருப்பேன். ராமுக்கு நான் ஒதுக்கியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். அதனால் 1 டிபி எஸ்எஸ்டி என்ற எண்ணத்தைக் கைவிட்டு 500-க்கு இறங்கினேன். பர்கூர் தம்பியின் கருத்தை எடுத்துக்கொள்ளாததற்கு ஒரே காரணம், பக்கத்துத் துளை காலியாக இருக்கட்டும் என்பதுதான். தருமபுரியில் 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யுபிஎஸ், முன்பக்கம் தூசி வடிகட்டி உள்ள சாதாரண கேபினட் ஆகியவற்றை வாங்கினேன். கையில் 350 ரூபாய் மிச்சம்.

பொருத்திய அன்று ஓர் அச்சம் ஏற்பட்டது. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. ராமைக் கழற்றி மாட்டினேன், மானிட்டர் வயரை மாற்றினேன், ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தம்பிதான் போர்டின் மேல் மூலையில் காலியாக இருந்த எட்டுப் பின் துளையைக் காட்டினான். 24 பின் இணைப்பு போதும் என்று நினைத்து, ப்ராசஸருக்கான தனி மின் இணைப்பைக் கொடுக்காமல் விட்டிருந்தேன். அதைச் செருகியவுடன் திரை எழுந்தது. முதல்முறை பொருத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், விசிறி சுற்றுவதை வைத்து எல்லா இணைப்பும் சரி என்று முடிவு செய்ய வேண்டாம்.

பழுதுபார்ப்பவன், கிருஷ்ணகிரி

மனம் நிறைந்தது சகோதரி. இரண்டு சிறு வேலைகள் மீதி இருக்கின்றன. பயாஸுக்குள் போய் ராம் 3200-இல் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைவாகக் காட்டினால் எக்ஸ்எம்பியை (ராமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள். கேபினட்டின் பின்புறம் கார்டுகளுக்கான தகட்டு மூடிகளில் எதையாவது உடைத்து எடுத்திருந்தால் அந்த இடைவெளியை மூடிவிடுங்கள். தோட்டத்து வீடுகளில் குளிர்காலத்தில் சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே நுழையும். போர்டின் மேல் அது குறுக்கே கிடந்து எரிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துவீடு, மாரண்டஅள்ளி

2666 என்றுதான் காட்டியது ஐயா. இப்போது 3200 ஆக்கிவிட்டேன். உடைத்திருந்த ஒரு மூடியின் இடத்தில் நுண்ணிய கம்பிவலையை வெட்டி வெளிப்புறமாகத் திருகிவிட்டேன். நேற்று இரவு ஏழே கால் மணிக்கு மீட்டர் 168 காட்டியது, குழல்விளக்கு மினுக்கியது. யுபிஎஸ் ஒருமுறை டிக் என்றது, வரைபடம் திறந்தபடியே இருந்தது. இரண்டு மாடி வீடு ஒன்றின் ஐந்து தாள்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, பத்தரை மணிக்குப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டேன். சித்திரை வெயிலில் மண் காய்ந்த பிறகு எர்த்தை மறுபடி அளந்து, அந்த எண்ணையும் இங்கேயே எழுதுகிறேன்.